டெய்லரின் அளவு நோட்டு

என் கல்யாணத்துக்குச் சட்டையும் பேண்ட்டும் தைத்த டெய்லரிடமே இருபது வருடம் கழித்து மறுபடியும் துணி கொடுத்தேன். பழைய அளவு நோட்டுகளை அவர் தூக்கிப் போடுவதில்லை. புது அளவுகளை எழுதி முடித்தவர், என்ன தோன்றியதோ, பரணிலிருந்து அந்தக் கல்யாண வருடத்து நோட்டை எடுத்துத் தூசி தட்டிப் பக்கத்தில் விரித்தார். அப்போது இடுப்பு 32 அங்குலம், இப்போது 37. அது எனக்குத் தெரிந்ததுதான். தெரியாதிருந்தது தொடை. ஒன்றரை அங்குலம் குறைந்திருந்தது. "கை கால் இளைச்சிருக்கு சார், வயிறு மட்டும் போட்டிருக்கு" என்றார். கல்யாணத்தின்போது நான் 68 கிலோ, அன்றைக்கு 71. இருபது வருடத்தில் மூன்று கிலோதானே என்று அதுவரை நிம்மதியாக இருந்தேன்.

எடை மெஷினைக் குறை சொல்ல முடியாது. தசை கொஞ்சம் கொஞ்சமாகப் போய், அதே அளவு கொழுப்பு கொஞ்சம் கொஞ்சமாக வந்தால் முள் நின்ற இடத்திலேயே நிற்கும். நாற்பதைத் தாண்டிய ஆண்களுக்கு உடம்பு செய்யும் இந்தக் கைமாற்றம்தான் இந்த அத்தியாயத்தின் விஷயம். அது எப்படி நடக்கிறது, எவ்வளவு தூரம் திருப்ப முடியும் என்று பார்ப்போம். எவ்வளவு தூரம் என்ற கேள்விக்கு ஆய்வுகள் தரும் பதில், நான் நினைத்திருந்ததைவிட மிக நல்ல பதில்.

2004-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் ஒரு புகைப்படம் வந்தது. இரண்டு மருத்துவர்கள் அருகருகே நிற்கிறார்கள். ஒருவர் புனே கே.இ.எம். மருத்துவமனையைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாக்னிக். மற்றவர் லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கின். எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் பிஎம்ஐ இருவருக்கும் ஒன்றே, 22.3. எந்த அட்டவணையிலும் ஆரோக்கியமான எண். ஆனால் உடலில் கொழுப்பின் பங்கை அளந்தபோது யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2 சதவீதம். உயரத்துக்கு ஏற்ற எடையில் இருவரும் சமம். அந்த எடை எதனால் ஆனது என்பதில் மட்டும் இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம். இருவர் பெயரும் ஆங்கிலத்தில் ஒய் என்ற எழுத்தில் தொடங்குவதால் இதற்கு 'ஒய்-ஒய் முரண்' என்று பெயர் வைத்தார்கள்.

யாக்னிக் இதைத் தன் உடம்பில் மட்டும் பார்க்கவில்லை. புனே மாவட்டத்துக் கிராமங்களில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் பிறந்த குழந்தைகளோடு அவருடைய குழு ஒப்பிட்டது. நம் குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, அங்கே 3.5 கிலோ. ஆனால் அந்த எண்ணூறு கிராம் குறைவு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி விழவில்லை. தசையில் அதிகம் குறைந்திருந்தது. தோலுக்கு அடியிலுள்ள கொழுப்பு பெரும்பாலும் தப்பித்திருந்தது. பிறக்கும்போதே ஒல்லியான கொழுத்த உடல். தென்னாசியர்களின் குறைந்த தசை அளவுக்குக் குறைந்தது 11,000 ஆண்டுப் பழமை உண்டு என்று, தொல்லெலும்புகளை அளந்து எம்மா பொமரோய் தலைமையிலான குழு 2019-இல் எழுதியது. ஆக நாற்பது வயதில் தசையை இழந்துவரும் தமிழ்நாட்டு ஆண், சேமிப்பு குறைவான கணக்கிலிருந்து பணம் எடுப்பவரைப் போன்றவர். ஐரோப்பியருக்குச் சொல்லப்படும் அறிவுரையை அப்படியே நாம் எடுத்துக்கொள்ள முடியாததற்கு இதுவே காரணம். அதனால்தான் நமக்கு பிஎம்ஐ 23-ஐத் தாண்டினாலே அதிக எடை என்றும், ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டரைத் தாண்டினாலே தொப்பை என்றும் எல்லைகளைக் கீழே இறக்கி வைத்திருக்கிறார்கள்.

அந்தத் தொப்பைக்குள் இருப்பது எல்லாம் ஒரே ரகக் கொழுப்பு இல்லை. விரலால் பிடித்து இழுக்க முடிகிறதே, அது தோலுக்கு அடியில் இருப்பது, ஓரளவு சாதுவானது. வயிற்றுச் சுவருக்கு உள்ளே, குடலையும் கல்லீரலையும் சுற்றிப் படிவது வேறு. தோலுக்கு அடியிலுள்ள கிடங்கு நிரம்பியதும் வழிந்து உள்ளே போகும் கொழுப்பு அது. நம்மவர்களுக்கு அந்த வெளிக் கிடங்கு சிறியது என்பதால் சீக்கிரமே வழிகிறது. வழிந்தது கல்லீரலிலும் தசை இழைகளுக்கு நடுவிலும் போய் உட்கார்ந்துகொண்டு இன்சுலினின் வேலையைக் கெடுக்கிறது. சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை முன்னின்று நடத்திய ஐசிஎம்ஆர்-இந்தியாப் கணக்கெடுப்பு 2023-இல் வெளிவந்தபோது, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு என்றும், வயது வந்தவர்களில் 39.5 சதவீதம் பேருக்கு வயிற்றுப் பருமன் என்றும் சொன்னது.

இந்த இடத்தில் தசை வருகிறது. சாப்பிட்ட சோறு குளுக்கோஸாகி ரத்தத்தில் ஏறும்போது அதை வாங்கி வைத்துக்கொள்ளும் மிகப் பெரிய களஞ்சியம் தசைதான். ரத்தத்தில் இன்சுலினையும் குளுக்கோஸையும் அளந்து செலுத்திப் பார்த்த ஆய்வுகளில், ஏறத்தாழ 80 சதவீதக் குளுக்கோஸைத் தசைகளே எடுத்துக்கொண்டன. இன்னொரு விசேஷமும் உண்டு. ஓய்வாக இருக்கும் தசைக்குள் குளுக்கோஸ் நுழைய இன்சுலின் கதவைத் திறந்துவிட வேண்டும். வேலை செய்யும் தசை தன் கதவைத் தானே திறந்துகொள்கிறது. குளூட்-4 என்ற கடத்திப் புரதங்கள், தசை சுருங்கும்போது இன்சுலின் இல்லாமலே மேலே வந்து குளுக்கோஸை உள்ளே இழுக்கின்றன. சர்க்கரை எல்லையைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஒருவருக்கு, தொடையிலும் முதுகிலும் இருக்கும் தசையைவிடப் பெரிய துணை உடம்பில் வேறு இல்லை. அதைக் காப்பாற்றாமல் எடையை மட்டும் குறைக்கச் சொல்லும் எந்தத் திட்டமும் எனக்கு வருத்தத்தையே தருகிறது.

தசை எப்போது போகத் தொடங்குகிறது? சுவீடனில் யான் லெக்செல் குழுவினர், உடல்நலத்தோடு இருந்து எதிர்பாராமல் இறந்த 15 முதல் 83 வயது வரையான 43 ஆண்களின் முன்தொடையிலுள்ள ஒரு தசையை முழுக் குறுக்குவெட்டாக அறுத்து, இழை இழையாக எண்ணினார்கள். 1988-இல் முடிவுகள் வந்தன. தசையின் பரப்பு சுமார் 25 வயதிலேயே சுருங்க ஆரம்பிக்கிறது. ஆனால் 50 வயது வரை போவது பத்தில் ஒரு பங்குதான். அதன் பிறகுதான் சரிவு வேகம் பிடித்து, 80-ஐத் தொடும்போது நாற்பது சதவீதம் போய்விடுகிறது. அதே 1988-இல் இர்வின் ரோசன்பர்க் என்ற அமெரிக்க மருத்துவர் இதற்கு 'சார்க்கோபீனியா' என்று பெயர் சூட்டினார். கிரேக்கத்தில் தசை வறுமை என்று பொருள். பெயர் இல்லாத வரை அது நோயாகத் தெரியவில்லை, வயசானா அப்படித்தான் என்று விட்டுவிட்டார்கள்.

லெக்செலின் அந்த வளைகோட்டை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். 40-க்கும் 50-க்கும் நடுவே சரிவு இன்னும் மென்மையாகத்தான் இருக்கிறது. நடுவயது என்பது காலம் கடந்த வயது என்று நினைப்பவர்களிடம் அதைக் காட்டத் தோன்றும்.

முதலில் போவது எது என்பதும் முக்கியம். தசையில் இரண்டு வகை இழைகள் உண்டு. மெதுவாகச் சுருங்கி நெடுநேரம் உழைப்பவை ஒரு வகை. நடக்க, நிற்க அவை போதும். சட்டென்று சுருங்கி முழு பலத்தைக் காட்டுபவை மற்றது. நகரும் பஸ்ஸைப் பிடிக்க, கால் இடறும்போது விழாமல் சமாளிக்க, மூட்டையைத் தூக்க அவைதான் வேண்டும். வயது இந்த இரண்டாம் வகையைத்தான் அதிகம் மெலிய வைக்கிறது. தினமும் நாற்பது நிமிடம் பார்க்கில் வாக்கிங் போகிறவர், இதயத்துக்கு மிக நல்ல காரியத்தைச் செய்கிறார். ஆனால் அந்த நடையில் இரண்டாம் வகை இழைகளுக்கு அதிகம் வேலை வருவதில்லை. கூப்பிடாமலே விடப்பட்ட இழைகள் சிறுத்துப்போகின்றன. நம் ஊரில் உடற்பயிற்சி என்றால் வாக்கிங் என்றே பொருள் ஆகிவிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல், வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்போடு, வாரம் இரண்டு நாளாவது தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும் வேண்டும் என்கிறது. இந்த இரண்டாவது பாதியை நம் வீடுகளில் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை.

"நாற்பது வந்தா மெட்டபாலிசம் குறைஞ்சிடும்" என்பது எல்லோரும் சொல்லும் காரணம். 2021-இல் 'சயன்ஸ்' இதழில் ஹெர்மன் பான்ட்ஸர் உள்ளிட்டோர் வெளியிட்ட ஆய்வு அதைப் புரட்டிப்போட்டது. 29 நாடுகளில், பிறந்து எட்டு நாளான குழந்தை முதல் 95 வயது முதியவர் வரை 6,400-க்கும் மேற்பட்டவர்கள் ஒரு நாளில் செலவழிக்கும் ஆற்றலைத் தொகுத்துப் பார்த்தார்கள். உடல் அளவின் வித்தியாசத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால், 20 முதல் 60 வயது வரை அந்தச் செலவு அசையாமல் இருக்கிறது. அறுபதுக்குப் பிறகே ஆண்டுக்குச் சுமார் 0.7 சதவீதம் வீதம் குறைகிறது. நாற்பத்தைந்து வயதுத் தொப்பைக்கு அந்தக் காரணம் பொருந்தாது.

பொருந்துவது நாற்காலி. டல்லாஸில் 1966-இல், ஐந்து ஆரோக்கியமான இருபது வயது இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே கிடத்தினார்கள். உச்ச உழைப்பில் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் அவர்களுக்குக் கால் பங்குக்கும் மேல் விழுந்தது. முப்பது ஆண்டுகள் கழித்து, அதே ஐந்து பேரையும் தேடிப் பிடித்து மறுபடி அளந்தார்கள். சராசரி எடை 77 கிலோவிலிருந்து 100 ஆகியிருந்தது. கொழுப்பின் பங்கு 14 சதவீதத்திலிருந்து 28 சதவீதம். ஆனால் முப்பது வருட வயது அவர்களின் ஆக்சிஜன் திறனில் எடுத்துக்கொண்டது, அந்த மூன்று வாரப் படுக்கை எடுத்ததில் பாதிகூட இல்லை. பிறகு ஆறு மாதம் நடை, மெல்லோட்டம், சைக்கிள் என்று படிப்படியாகப் பழக்கினார்கள். ஐம்பது வயதில், பயிற்சிக்கு முந்தைய தங்கள் இருபது வயதுத் திறனை அவர்கள் எட்டினார்கள். எடை மட்டும் பெரிதாகக் குறையவில்லை. கொழுப்பைக் குறைப்பதில் சாப்பாட்டுக்குத்தான் பெரிய பங்கு என்பதற்கு அந்த ஐவரும் சாட்சி.

கொழுப்பு குறையும்போது அது எங்கே போகிறது என்று கேட்டால் வியர்வையாக, மலமாக, சூடாக என்று பலரும் சொல்வார்கள். ஆஸ்திரேலியாவின் ரூபன் மீர்மன், ஆண்ட்ரூ பிரவுன் இருவரும் 2014-இல் இதைக் கணக்கிட்டு எழுதியபோது, மருத்துவர்களும் உணவியலாளர்களும் ஜிம் பயிற்சியாளர்களுமே பெரும்பாலும் தவறாகச் சொல்லியிருந்தார்கள். பத்து கிலோ கொழுப்பு முழுதாக எரிந்தால் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூக்கு வழியே வெளியேறுகிறது, மீதி 1.6 கிலோ தண்ணீராகிறது. நாம் கரைக்கும் கொழுப்பில் பெரும்பகுதியை மூச்சாக விட்டுவிடுகிறோம். எந்த பெல்ட்டும், எந்த வியர்வைச் சட்டையும் இந்த வேதியியலைச் செய்துதராது.

வயிற்றுக்கென்று தனியாகப் பயிற்சி செய்தால் வயிற்றுக் கொழுப்பு கரையும் என்ற நம்பிக்கைக்கும் பதில் இருக்கிறது. 1971-இல் டென்னிஸ் ஆட்டக்காரர்களின் இரண்டு கைகளையும் அளந்தார்கள். பல்லாயிரம் முறை பந்தை அடித்த கை தசையால் பெருத்திருந்தது. தோலடிக் கொழுப்பின் தடிமனோ இரண்டு கையிலும் ஒன்றே. எங்கிருந்து கொழுப்பை எடுப்பது என்று தசை முடிவு செய்வதில்லை, ரத்தத்தில் வருவதை அது எரிக்கிறது. நமக்கு ஓர் ஆறுதல் உண்டு. உள்ளே படிந்த கொழுப்பு சுறுசுறுப்பானது, பற்றாக்குறை வந்தால் அது முன்னதாகவே கரையத் தொடங்குகிறது. கண்ணாடியில் வித்தியாசம் தெரிவதற்கு முன்பே ரத்தப் பரிசோதனையில் தெரிவது அதனால்தான்.

கரைந்தாலும் கொழுப்புச் செல்கள் போய்விடுவதில்லை. சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் கிர்ஸ்டி ஸ்பால்டிங் குழு, அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கலந்த கார்பன்-14-ஐ அடையாளமாக வைத்து அந்தச் செல்களின் வயதைக் கண்டுபிடித்தது. அவற்றின் எண்ணிக்கை இளமையிலேயே நிலைத்துவிடுகிறது. ஆண்டுக்குப் பத்து சதவீதம் செத்து, அதே அளவு புதிதாகப் பிறக்கிறது. இளைத்தவரின் உடம்பில் அத்தனை செல்களும் வற்றிய பைகளாகக் காத்திருக்கின்றன. விட்ட எடை திரும்ப வரும் வேகத்துக்கு இது ஒரு காரணம். இளைத்தவரின் மன உறுதியைக் குறை சொல்லும் முன் இதை நினைக்க வேண்டும்.

இப்போது மையமான சிக்கலுக்கு வருவோம். சாப்பாட்டைக் குறைத்தால் கொழுப்பு மட்டும் போகாது. பயிற்சி எதுவும் இல்லாமல் இளைக்கும்போது, இழந்த எடையில் ஏறத்தாழ கால் பங்கு கொழுப்பல்லாத பகுதியிலிருந்து போகிறது, அதில் தசையும் உண்டு. 2025-இல் இந்தியச் சந்தைக்கு வந்த எடைக் குறைப்பு ஊசிகளுக்கும் இது பொருந்தும். அவற்றில் ஒன்றான செமாக்ளூடைடை வைத்து நடந்த பெரிய சோதனையில் ஒரு பகுதியினரை ஸ்கேன் செய்தபோது, போன எடையில் சுமார் 40 சதவீதம் கொழுப்பல்லாதது. மருந்து நல்ல மருந்துதான். ஆனால் தசைக்கு உழைப்பும் புரதமும் தராமல் அதைப் போட்டுக்கொள்பவர், எதற்காக இளைக்கிறாரோ அதையே கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறார்.

தூக்கமும் இந்தக் கணக்கில் நேரடியாக வருகிறது. 2010-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில், அதிக எடையுள்ள பத்துப் பேரை ஒரே அளவு குறைந்த உணவில் வைத்து, இரண்டு வாரம் எட்டரை மணி நேரமும் இன்னொரு இரண்டு வாரம் ஐந்தரை மணி நேரமும் படுக்கையில் இருக்கவிட்டார்கள். இரண்டு முறையும் ஏறக்குறைய ஒரே எடைதான் குறைந்தது. நன்றாகத் தூங்கியபோது அதில் 1.4 கிலோ கொழுப்பு. தூக்கம் கெட்டபோது 0.6 கிலோதான் கொழுப்பு, மீதியெல்லாம் கொழுப்பல்லாத பகுதி. ஒரே பட்டினிக்கு இரண்டு பலன். இரவு பன்னிரண்டு வரை போனைப் பார்த்துவிட்டு ஐந்து மணிக்கு ஜிம்முக்கு எழும் நண்பர்களிடம் இந்த எண்களைத்தான் சொல்கிறேன்.

கொழுப்பு தசையாக மாறுமா என்று கேட்பார்கள். மாறாது, இரண்டும் வெவ்வேறு செல்கள். ஆனால் ஒன்றின் ஆற்றலை வைத்து மற்றதைக் கட்ட முடியும். ஒரு கிலோ உடல் கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. உபரியாகப் பதினைந்து கிலோ சுமப்பவரின் உடம்பில் ஒரு லட்சம் கலோரிக்கு மேல் விறகு அடுக்கியிருக்கிறது. கட்டடத்துக்குத் தேவையான கல் மட்டும், அதாவது புரதம் மட்டும், வெளியிலிருந்து வந்தாக வேண்டும். கட்டச் சொல்லும் உத்தரவும் வர வேண்டும். அந்த உத்தரவு எடை தூக்குவது. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் அதிக எடையுள்ள இளைஞர்களுக்கு நான்கு வாரம் கடும் பயிற்சியும் தேவையைவிட நாற்பது சதவீதம் குறைந்த சாப்பாடும் கொடுத்தார்கள். புரதம் நிறைய உண்டவர்கள் 4.8 கிலோ கொழுப்பை இழந்து, 1.2 கிலோ கொழுப்பற்ற உடலைக் கூட்டினார்கள். நடுவயதில் இத்தனை வேகம் வராது, அப்படிக் கடுமையாகச் செய்யவும் வேண்டாம். ஆனால் இதுவரை எடையே தூக்காதவர், கொஞ்சம் தொப்பை இருப்பவர், இரண்டும் ஒருசேர நடக்க மிக ஏற்றவர்.

எடையைப் படிப்படியாகக் கூட்டினால்தான் தசை வளரும் என்பதை மருத்துவத்துக்குள் கொண்டுவந்தவர் தாமஸ் டிலார்ம் என்ற ராணுவ மருத்துவர். சிறுவயதில் ருமாட்டிக் காய்ச்சலால் படுக்கையில் கிடந்து, பிறகு எடை தூக்கித் தன்னைத் தேற்றிக்கொண்டவர். இரண்டாம் உலகப் போரில் முழங்கால் சிதைந்து வந்த வீரர்களுக்குச் சிகாகோ ராணுவ மருத்துவமனையில் அதே வைத்தியத்தைச் செய்தார். லேசான எடையைப் பலமுறை தூக்கச் சொல்வதே அன்றைய வழக்கம். அவர் பத்து முறை மட்டுமே தூக்க முடிகிற கனத்தைக் கொடுத்து, அது சுலபமானதும் ஏற்றிக்கொண்டே போனார். 1945-இல் அவர் எழுதிய கட்டுரையிலிருந்துதான் இன்றைய எடைப் பயிற்சி அறிவியல் வளர்ந்தது. நம் தென்மாவட்டக் கிராமங்களில் பொங்கலன்று தூக்கும் இளவட்டக்கல்லையும், உடற்பயிற்சிக் கூடங்களில் சுழற்றிய கர்லாக்கட்டையையும் பார்த்தவர்களுக்கு இந்த யோசனை புதிதாக இருக்காது.

பிந்தைய ஆய்வுகள் நடுவயதுக்கு ஒரு நல்ல செய்தியைச் சேர்த்தன. கனம் அதிகமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. லேசான எடையையும், இன்னும் இரண்டு மூன்று முறைக்குமேல் முடியாது என்ற நிலை வரை தூக்கினால் தசை கிட்டத்தட்ட அதே அளவு வளர்கிறது. தோளும் முழங்காலும் முணுமுணுக்கும் வயதில் இது பெரிய விடுதலை. நாற்காலியில் உட்கார்ந்து கையை ஊன்றாமல் எழுவதில் தொடங்கி பஸ்கிக்கு வரலாம். சுவரில் கை வைத்துத் தள்ளுவதில் தொடங்கி, மேசை விளிம்பு, பிறகு தரையில் தண்டால் என்று இறங்கலாம். இருபது லிட்டர் தண்ணீர் கேன் இருபது கிலோ. முதுகை நிமிர்த்தி, இடுப்பை மடித்து, காலால் அதைத் தூக்கப் பழகுவதே முதுகுக்கும் பிட்டத்துக்கும் போதுமான ஆரம்பம். இழுக்கும் வேலை ஒன்றையும் விடக்கூடாது, ரப்பர் பட்டையைக் கதவில் மாட்டி இழுத்தாலும் சரி. வாரம் இரண்டு அல்லது மூன்று நாள், ஒவ்வொன்றும் இரண்டு மூன்று செட். மூச்சை அடக்காமல் தூக்க வேண்டும், அடக்கினால் ரத்த அழுத்தம் எகிறும். முதல் சில வாரங்களில் பலம் கூடுவது நரம்புகள் கற்றுக்கொள்வதால். தசை கண்ணுக்குத் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். அந்த இடைவெளியில்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள்.

நெஞ்சுவலி, கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், இன்சுலினோ சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரையோ எடுப்பது, சிறுநீரகக் கோளாறு, இவற்றில் ஏதாவது இருந்தால் மருத்துவரிடம் பேசிவிட்டே பயிற்சியையும் உணவையும் மாற்ற வேண்டும். ஜிம்மில் யாரோ தரும் ஹார்மோன் ஊசியைத் தொடவே கூடாது. முப்பது நாற்பதுக்குப் பிறகு டெஸ்டோஸ்டிரோன் ஆண்டுக்குச் சுமார் ஒரு சதவீதம் குறைவது உண்மை. ஆனால் தொப்பையே அதை மேலும் தாழ்த்துகிறது, தொப்பை குறைந்தால் ஓரளவு திரும்ப ஏறுகிறது. வெளியிலிருந்து ஊசி போட்டால் மூளை தன் உத்தரவை நிறுத்திவிடும், விந்தணு உற்பத்தியும் படுத்துவிடும்.

இனி சாப்பாடு. தசைப் புரதம் தினமும் ஒன்றிலிருந்து ஒன்றரை சதவீதம் வரை உடைந்து புதிதாகிறது. வரவும் செலவும் சமமாக இருக்கும் வரை தசை நிற்கும். வயது ஏற ஏற, புரதம் வந்தாலும் தசை அதை அலட்சியம் செய்யத் தொடங்குகிறது. ஒரு வேளையில் இளைஞரின் தசையை முழுதாகத் தூண்ட, ஒரு கிலோ எடைக்கு 0.24 கிராம் புரதம் போதும். எழுபதுகளில் இருப்பவருக்கு 0.40 வேண்டும். 70 கிலோ ஆணுக்கு அது 17 கிராமும் 28 கிராமும். நடுவயது இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

நம் தட்டைப் பாருங்கள். நான்கு இட்லியில் எட்டு கிராம், சாம்பாரோடு சேர்த்துப் பதினொன்று. மதியம் சோறு, சாம்பார், கூட்டு, மோர் எல்லாமாகப் பதினேழு பதினெட்டு. இரண்டு டீ, ஒரு வடை, இரவு மூன்று தோசை. நாள் முழுவதும் கூட்டினால் 45 கிராம் வந்தால் பெரிது. சாதாரணமாக இருக்கவே கிலோவுக்கு 0.83 கிராம், அதாவது 70 கிலோ ஆணுக்கு 58 கிராம் வேண்டும் என்கிறது ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். எடைப் பயிற்சி செய்பவருக்குக் கிலோவுக்கு 1.6 கிராம் வரை பலன் கூடிக்கொண்டே போகிறது என்று 49 ஆய்வுகளைத் தொகுத்த 2018 ஆய்வு காட்டியது. 1.2-ஐ எட்டினாலே நம் நிலையில் பெரிய முன்னேற்றம்.

இட்லியை நான் குறை சொல்ல மாட்டேன். அரிசியில் குறைவான லைசின் என்ற அமினோ அமிலத்தை உளுந்து தருகிறது, உளுந்தில் குறைவான மெத்தியோனினை அரிசி தருகிறது. நம் பாட்டிகள் கண்டுபிடித்த அந்தச் சேர்க்கை அருமையானது. சிக்கல் அளவில் இருக்கிறது. நம் இலையில் சோறு நடுவில், பருப்பும் மீனும் தொட்டுக்கொள்ள. அந்த விகிதத்தைத்தான் மாற்ற வேண்டும். காலையில் இரண்டு இட்லி, இரண்டு முட்டை, முட்டையில் மட்டும் 12 கிராம். மாலை பஜ்ஜிக்குப் பதில் ஐம்பது கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்த சுண்டல், பத்து கிராம். நூறு கிராம் மத்தி மீன், இருபது கிராம். சைவர்களுக்கு மீல் மேக்கர் ஐம்பது கிராமில் 26 கிராம், விலையும் குறைவு. இரவு தோசைக்குப் பதில் பருப்பு தூக்கலான அடை, கூடவே கெட்டித் தயிர். நிலக்கடலை நல்லதுதான், ஆனால் நூறு கிராமில் 25 கிராம் புரதத்தோடு 560 கலோரிக்கு மேல் வருவதால் கைப்பிடி போதும்.

குறைக்க வேண்டியது எங்கே என்பதையும் தட்டே சொல்லும். நான்கு டீயில் இரண்டிரண்டு ஸ்பூன் சர்க்கரை 160 கலோரி. தாளிப்பிலும் தோசைக்கல்லிலும் போகும் எண்ணெய், மேசைக்கரண்டி ஒன்றுக்கு 120 கலோரி. மதியச் சோற்றில் ஒரு கரண்டியை விட்டு அந்த இடத்தில் பொரியலையும் பருப்பையும் ஏற்றினால், நாளுக்கு நானூறு ஐந்நூறு கலோரி பட்டினியின்றியே குறையும். வாரத்துக்கு அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக எடை இறங்கும். அதற்குமேல் அவசரப்பட்டால் தசையிலிருந்து எடுக்கும்.

எடை மெஷினுக்குப் பதில் ஒரு டேப் வாங்கிக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை, காலையில், மூச்சை இயல்பாக விட்டுவிட்டுத் தொப்புள் உயரத்தில் சுற்றளவை எழுதுங்கள். உயரத்தில் பாதிக்குள் அது வர வேண்டும். தொடையின் நடுவையும் அளந்து பக்கத்தில் எழுதுங்கள். பிறகு தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, எதையும் பிடிக்காமல் எழுந்து பாருங்கள். பிரேசிலில் கிளாடியோ கில் அராஉஜோ 51 முதல் 80 வயது வரை உள்ள 2,002 பேரிடம் இந்தச் சோதனையைச் செய்து, கையையோ முழங்காலையோ ஊன்றாமல் எழ முடிந்தவர்களிடையே பின்வந்த ஆண்டுகளில் இறப்பு மிகக் குறைவாக இருந்ததைக் கண்டார். பந்தியில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்ட காலத்தில் நாம் இதை யோசிக்காமலே செய்துகொண்டிருந்தோம்.

வயது போய்விட்டது என்று இன்னும் நினைப்பவர்களுக்காக ஒன்று. 1990-இல் பாஸ்டனில், மரியா ஃபியாட்டரோன் என்ற மருத்துவர் ஒரு முதியோர் காப்பகத்தில் பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்தார். சராசரி வயது 90. வாரம் மூன்று நாள், எட்டு வாரம், காலால் எடை தூக்க வைத்தார். அப்படி ஒரு வயதில் அவ்வளவு கனம் ஆபத்து என்பதே அன்றைய பொதுக் கருத்து. முடித்த ஒன்பது பேரின் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. பயிற்சியை நிறுத்திய நான்கு வாரத்தில் அந்த பலத்தில் மூன்றில் ஒரு பங்கு போனதையும் அவர் பதிவு செய்தார். எட்டு வாரத்தின் முடிவில் இரண்டு பேர் கைத்தடி இல்லாமல் நடந்தார்கள். தொடக்கத்தில், கையை ஊன்றாமல் நாற்காலியைவிட்டு எழ முடியாதவர்கள் மூன்று பேர். அவர்களில் ஒருவர், கைகளை உபயோகிக்காமல், தன் கால்களாலேயே எழுந்து நின்றார்.